பாயை எடுத்த கை

இருட்டு பிரியுமுன்னே மனாசே பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். வெறும் சிமெண்டுத் தரையில், சம்மணம் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு. தலைக்கு மேலே பாய். படுத்துப் புரளுகிற பாய் இல்லை அது. துணிபோல மெல்லிசாக, ஓரமெல்லாம் சிவப்பு இறகு வைத்து, சமோவாவின் சவாயீ தீவில் நாலு பெண்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்து பின்னியது. அவர் மனைவி லித்தாராவுக்குக் கல்யாணத்தில் வந்த சீர். அவருக்குப் பின்னால் லித்தாராவும், சர்ச் சபையிலிருந்து இரண்டு பெரியவர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆக்லாந்தின் தெற்குப் பக்கத்தில் ஜூன் மாதம் நடுக்குளிர்காலம்; காலைக்குளிர் என்றால் சும்மாவா? பல் கிட்டிப்போகும். ஒருவரும் கம்பளி போர்த்தியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் கம்பளி போர்த்திக்கொண்டு உட்காரமாட்டான்.

எங்கள் சமோவாச் சனங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். இஃபோங்கா என்போம். நம் வீட்டு ஆள் அடுத்த வீட்டு ஆளைக் காயப்படுத்திவிட்டால், நம் குடும்பத் தலைவன் விடியுமுன்னே அந்த வீட்டு வாசலில் போய்ப் பாயைப் போர்த்தி உட்காருவான். வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி, தலை உன் கையில். காயம்பட்டவர்கள் வெளியே வந்து பாயை எடுத்துவிட்டார்களா, முடிந்தது. அன்றோடு அந்தப் பேச்சு செத்தது. எடுத்த பிறகு பழி வாங்கினவன் என்று எங்கள் தீவில் ஒருத்தனையும் கேள்விப்பட்டதில்லை.

மனாசே உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே பள்ளிக்கூடச் சுவர். அதில் பஸ் நீளத்துக்கு எழுதியிருந்தது: "உறவே முதல் பாடம். மாணவரும் பெரியவரும் ஒன்றாக மலரும் இடம்." போன வருஷம் விருது வாங்கிக் கொடுத்த வாசகம். பெயிண்ட் செலவு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் வயிறு எரியும்.

ரூத்தா ஆறரைக்கு வந்தாள். அவளும் எங்கள் சனம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. ஆறு வருஷமாக. நகலெடுக்கிற மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு மேசை. எந்த அப்பனுக்கு ராத்திரி ஷிஃப்ட், எந்த வீட்டில் கரண்ட் கட், எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எல்லாம் அவள் மனசில். பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசல்படி மிதிக்கப் பயந்துகொண்டிருந்த காலம் போய், கூட்டம் போட்டால் நாற்காலி போதாமல் போனது இவள் கால் தேய்ந்ததால்தான். விருது வாங்க மேடை ஏறினது வேற ஆள். சரி, அதை விடுங்கள்.

இப்போது அவளுக்கு ஒரே சங்கடம், எங்கே நிற்பது என்று. வெளியே போய் அவர்களோடு உட்கார்ந்தால் குற்றம் செய்த வீட்டு ஆள். உள்ளே நின்றால் பள்ளிக்கூடத்து ஆள். கடைசியில் கேட்டுக்கு உள்பக்கமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். எட்டு நாளைக்கு முன்னால், படிக்கட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். அதில் ஒருத்தி மனாசேயின் மகள் மசினா. பதினாலு வயசு. கணக்கு வாத்தியார் கெல்வின் பின்னாலிருந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். யார் என்று பார்க்காமலே அவள் உதறினாள். கெல்வின் நாலு படி உருண்டு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. உதவிக்கு ஆள் கூப்பிட ஓடினதும் அதே மசினாதான். அன்றைக்கே அவளைப் பள்ளிக்கூடம் வரக்கூடாதென்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட நிர்வாகக் குழு இன்றைக்கு நாலு மணிக்குக் கூடி, அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப் போகிறது. அனுப்பிவிட்டால் போச்சு. வாத்தியார் கையை முறித்தவள் என்ற பேரோடு வருகிற பிள்ளையை இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? அவளுடைய பெரியப்பா மகனை இப்படித்தான் வேறொரு பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பினார்கள். அவன் இப்போது கோழிப் பண்ணையில் பெட்டி கட்டுகிறான்.

மூன்று நாளைக்கு முன்னால் ரூத்தா அவர்கள் வீட்டுக்குப் போனபோது மனாசே கேட்டார்.

"தங்கச்சி, அந்த வாத்தியார் வீடு எங்க இருக்கு?"

"அதச் சொல்லக்கூடாதுண்ணே. வேலை போயிடும்."

"பின்ன நான் எங்க போய் உக்கார்றது? அவரு பாட்டுக்கு நோவோட கெடப்பாரு, நான் பாட்டுக்கு வேலைக்குப் போய்ட்டு வரணுமா? மனுசன்னா ஒரு மொறை இல்லையா?"

"பள்ளிக்கூடத்துக்கு வாங்கண்ணே. அதுவும் அவங்க வீடு மாதிரிதான்."

"எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க" என்றாள் ரூத்தா. ஆறு வருஷமாக அந்தச் சுவரில் எழுதியதைப் படித்துப் படித்து அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. ஏட்டுச் சுரைக்காயைக் கூட்டு வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

கெல்வினுக்குச் செய்தி அனுப்பினாள்: 'குடும்பம் உங்களைப் பார்க்க விரும்புகிறது.' 'விசாரணை முடியும்வரை யாரையும் பார்க்கக்கூடாது என்று ஆசிரியர் சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்' என்று பதில் வந்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தலைமையாசிரியை ரோஸலிண்டிடம் நடைபாதையில் சொன்னாள், மசினா வீட்டார் மன்னிப்புக் கேட்க வர விரும்புகிறார்கள் என்று. அந்தம்மா காதில் ஃபோனோடு, "வரச் சொல்லுங்க ரூத்தாம்மா, நம்ம கதவு எப்பவும் தொறந்துதானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சமோவாப் பிள்ளைகளும் தோங்காப் பிள்ளைகளும் பாயைப் பார்த்ததும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்கள். சத்தம் போடாமல், முதுகை வளைத்து, ஓரமாக நடந்து உள்ளே போனார்கள். வாய்க்கு வாய் கெட்ட வார்த்தை பேசுகிற தடியன்கள்கூட. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கார்களில் வந்த ஆசிரியர்கள் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நாலு பேட்ஜை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உள்ள வர்றவங்க இதைக் குத்திக்கணும். இதுல ஒரு கையெழுத்து."

பாய் அசையவில்லை.

"சார்? ஹலோ? தூங்கறாரா?"

"உள்ள போம்மா" என்றாள் ரூத்தா. "போ. நான் பாத்துக்கறேன்."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் மனாசேயின் வேன் நின்றிருந்தது. அதற்குள் மசினா. நிறுத்தி வைத்த பிள்ளை பள்ளிக்கூட எல்லைக்குள் கால் வைக்கக்கூடாதாம், அதனால் அப்பன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டரை தாண்டி கெல்வினின் கார் வந்தது. லீவில் இருக்கிறவர் ஏதோ விடைத்தாள் கொடுக்க வந்திருப்பார் போல. வாசலுக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினார். மாவுக்கட்டுப் போட்ட கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. பாயைப் பார்த்தார். ரூத்தாவையும் பார்த்தார். அப்புறம் வண்டியைத் திருப்பி, பின்வாசல் பக்கமாகப் போய்விட்டார். அவள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். எழுத்தில் மாட்டேன் என்று சொன்னவர், நேரில் முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகிறார், இன்னும் என்ன கேட்பது என்று ரூத்தாவுக்குக் கோபம் வந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம். ரோஸலிண்ட் அம்மையார் வேகமாக வந்தார். ஒன்பது மணிக்குக் கல்வி அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உறவுகளால் ஒரு பள்ளிக்கூடத்தை எப்படிக் கட்டுவது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள.

"ரூத்தாம்மா, என்னது இது? போராட்டமா?"

"போராட்டம் இல்லைங்க. மசினாவோட அப்பா. மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு. எங்க வழக்கம்."

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு" என்றார் அந்தம்மா. நிஜமாகவே கண் கலங்கியது. அது ஒன்றும் நடிப்பில்லை. அந்தம்மாவிடம் இருக்கிற கஷ்டமே அதுதான், எல்லாமே நிஜம். "ஆனா கெஸ்ட் வர்ற நேரமாச்சே. உள்ள கூட்டிட்டுப்போய்க் காபி குடுக்கலாமா?"

"அவரா எழுந்திருக்க மாட்டாருங்க. யாராவது வந்து பாயை எடுக்கணும்."

"நான் எடுக்கலாமா?"

ரூத்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். முழுசையும் சொல்லலாம். எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம், மசினாவை அனுப்ப முடியாது என்று சொல்லலாம். சொன்னால் இந்தம்மா குழுத்தலைவருக்கு ஃபோன் போடுவார். அவர் வக்கீலுக்குப் போடுவார். பாய் மத்தியானம்வரை அந்த மனுஷன் தலைமேலேயே இருக்கும், கடைசியில் யாரும் எடுக்கமாட்டார்கள். ஊர் முழுக்க அது தெரிந்துபோகும். ஆனால் எடுத்துவிட்டால்? எடுத்த கை, சாயங்காலம் அந்தப் பிள்ளையைத் துரத்துகிற காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போடும்? முடியாது. தெரிந்து எடுத்தாலும் தெரியாமல் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான். எங்கள் சனத்துக்கு ரத்தத்தில் ஊறின நம்பிக்கை இது.

"எடுங்க" என்றாள். "மெதுவா எடுத்து மடிச்சு, அவரு கையப் பிடிச்சு எழுப்புங்க. உள்ள வாங்கன்னு சொல்லுங்க."

"வேற ஏதாவது செய்யணுமா? நான் தப்பா எதுவும் பண்ணிடக்கூடாது."

கேட்டார். அந்தம்மா கேட்கத்தான் செய்தார்.

"இல்லைங்க" என்றாள் ரூத்தா. "அது போதும்."

ரோஸலிண்ட் குனிந்து பாயை எடுத்தார். உள்ளே மனாசேயின் முகம் நனைந்து கிடந்தது. ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிற ஐம்பது வயசு ஆள், தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம், குழந்தைபோல விம்மினார். பின்னால் லித்தாரா, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று தரையில் நெற்றியை வைத்தாள். எழுந்து நின்று அவர் தன் பாஷையில் நீளமாக நன்றி சொன்னார். அம்மையார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆபீஸ் பெண் படம் எடுத்தாள். அமைச்சகத்துக் கார் அந்நேரம் பார்த்து வந்து நிற்க, இறங்கினவர்களுக்குப் பேச்சே எழவில்லை. வழக்கப்படி, வேனிலிருந்து முழுப் பன்றி ஒன்று, சுட்டது, தட்டோடு இறங்கியது. மூன்று பெட்டி டின் மாட்டிறைச்சியும் இறங்கியது. மத்தியானத்துக்குள் ஆசிரியர் அறையில் பன்றியின் காதுகூட மிஞ்சவில்லை. பாயை வரவேற்பறைச் சுவரில், விருதுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

கிளம்பும்போது ரூத்தா மனாசேயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாலு மணிக்குக் கூட்டம் இருக்கு. நீங்க வரணும்."

"எந்தக் கூட்டம்? அதான் முடிஞ்சுதே."

"இருந்தாலும் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. மசினா நல்ல பிள்ளைன்னு சொல்லுங்க."

மனாசே சிரித்தார். எட்டு நாளாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை. "உனக்குத் தெரியாதா தங்கச்சி? மன்னிச்சவங்க முன்னால சாயங்காலமே திரும்பக் கை கட்டி நின்னா என்ன அர்த்தம்? உன் மன்னிப்ப நான் நம்பலேன்னு அர்த்தம். அந்தம்மா மூஞ்சில காறித் துப்பற மாதிரி. எங்க அப்பன் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து ஒதைப்பாரு."

வரச் சொல்ல வேண்டுமானால், அந்தம்மா அர்த்தம் தெரியாமலே பாயை எடுத்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அப்போதும் அவளுக்கு உள்ளூர ஒரு தைரியம், அம்மையார் எடுத்துவிட்டாரே என்று.

நாலு மணிக்குக் குழு கூடியது. ஐந்து பேர். தலைவர் வீடு வாங்கி விற்கிற புரோக்கர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், யாரும் யாருக்கும் மேலே இல்லை என்று காட்ட. மசினாவின் வீட்டாருக்குப் போட்ட மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன.

"குடும்பம் வரலையா?" என்றார் தலைவர்.

"சொல்லியிருந்தோம்" என்றார் ரோஸலிண்ட். "கடிதமும் போட்டோம்."

"பொண்ணு சார்புல பேச யாருமே வரலைன்னு குறிச்சுக்கோங்க. அவங்களுக்கே அக்கறை இல்லேன்னா நாம என்ன பண்றது?"

ரூத்தா எழுந்தாள். யாராவது கேட்டாலொழிய அவள் பேசக்கூடாது அந்தக் கூட்டத்தில். "அக்கறை இல்லாம இல்லைங்க. காலையில மூணு மணி நேரம் குளிர்ல உக்காந்திருந்தாரு. பாயை எடுத்தாச்சு. எடுத்தா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். விஷயம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதனாலதான் வரலை. திரும்ப வந்து கெஞ்சினா மரியாதை இல்லேன்னு வரலை."

ரோஸலிண்டின் முகம் வெளுத்தது.

"ரூத்தா, அது பரிசுன்னு நினைச்சேன். வேற ஏதாவது செய்யணுமான்னு உங்கள நான் கேட்டேனே. இல்லேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன்?"

என்ன சொல்வது? சொன்னால் எடுத்திருக்கமாட்டீர்கள் என்றா? எல்லாருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வழக்கத்தை எல்லாம் நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா ஒருத்தரை ஏமாத்தி வாங்கின சம்மதத்தைக் குழு கணக்குல எடுத்துக்க முடியாது. ஆசிரியர்களோட பாதுகாப்பும் இருக்கு. அவங்களும் மலரணும் இல்லையா?"

வாசகத்தை நன்றாகத்தான் மனப்பாடம் செய்திருந்தார் அந்தப் புரோக்கர். நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மசினாவை அனுப்பிவிடுவது. ரோஸலிண்ட் அழுதுகொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பாயை எடுத்த அதே கை, ரூத்தா கவனித்தாள்.

வெளியே வரவேற்பறையில் கெல்வின் நின்றிருந்தார். வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்களாம், கடைசியில் தேவைப்படவில்லை. சுவரில் இருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே காலையில அவரு தலைல போட்டிருந்தாரு? எதுக்கு?"

ரூத்தா சொன்னாள். மறைக்க இனிமேல் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ அது எனக்காகவா?"

"உங்களுக்குத்தான். உங்க வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கணும்."

கெல்வின் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சொல்லியிருக்கக் கூடாதா ரூத்தா? காலைல நான் திரும்பிப் போனது அந்த மனுசன் மொகத்தப் பாக்க வெக்கமா இருந்ததாலதான். நான்தான் அந்தப் பொண்ணப் பின்னாலேர்ந்து புடிச்சு இழுத்தேன். பிடிக்கக்கூடாதுன்னு பயிற்சியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அத எழுதிக்கூடக் குடுக்கல நான், பயந்துக்கிட்டு. இதுன்னு தெரிஞ்சிருந்தா எறங்கி எடுத்திருப்பேன்."

எடுத்திருப்பாரா? இப்போது சொல்வது சுலபம். ஆனால் எடுத்திருக்கமாட்டார் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. சரியான ஆள், சரியான நேரத்தில், பத்தடி தூரத்தில் காரை நிறுத்தினார். இவள் கோபித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள்.

கடிதம் தபாலில் போகட்டும் என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மனாசே வீட்டில் ஒரே கூட்டம். வாசலெல்லாம் செருப்பு. சபையிலிருந்து வந்தவர்கள் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டு, எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு தலைமையாசிரியை கிடைப்பாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பலகை போட்டு மசினா சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி, வா. லித்தாரா, தட்டு கொண்டா. இவ இல்லேன்னா இன்னிக்கு இது நடந்திருக்குமா?"

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க."

வாசற்படியில் நின்று கடிதத்தைக் கொடுத்தாள். மனாசே விளக்கு வெளிச்சத்தில் அதை இரண்டு தடவை படித்தார். இங்கிலீஷ் படிக்க அவருக்கு நேரம் ஆகும். அவள் காத்திருந்தாள்.

"இது காலையில எழுதினதா?" என்றார். "அந்தம்மா வர்றதுக்கு முன்னால எழுதினதா இருக்கும்."

"இல்லண்ணே. சாயங்காலம் எழுதினது."

"பாயை எடுத்தப்புறமா?"

"ஆமா."

அவர் தெருவைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா, தான் என்ன எடுத்தோம்னு?"

"தெரியாது."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்ணே. சொன்னா எடுக்கமாட்டாங்கன்னு..." அவள் அழ ஆரம்பித்தாள். "எடுத்துட்டா முடிஞ்சிரும்னு நெனச்சேன். நம்ம ஊர்ல மாதிரி நெனச்சுட்டேன்."

அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனாசே அடிக்கிற ஆள் இல்லை. "எடுக்காம விட்டிருந்தா, மூணு நாள் ஆனாலும் உக்காந்திருப்பேன்" என்றார். "நாலு மணிக்கு வாசல்லயேதான் இருந்திருப்பேன். கூட்டத்துக்குப் போறவங்க என்னைத் தாண்டித்தானே போயிருக்கணும்? என் பிள்ளைக்கு ஒரு ஆளாவது வந்திருக்கான்னு பாத்திருப்பாங்க. நீ என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்ட."

உள்ளே யாரோ பாட்டு எடுத்தார்கள், நன்றிப் பாட்டு. மனாசே கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ரூத்தா வாசலிலேயே நின்றாள். இந்த முறை அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"மசினா" என்றார் மனாசே. "இஸ்திரிய அணைச்சிடும்மா."

"காலர் மட்டும்தாம்ப்பா பாக்கி."

அவர் மறுபடி சொல்லவில்லை. அவள் காலரை விரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்த்து முடித்தாள்.